நான்காவது மட்டை

அன்று காலை பாளையங்கோட்டை மைதானத்தின் கம்பிவேலி ஓரம் இருந்தவர்கள்: மாவட்ட மகளிர் பேஸ்பால் அணியின் தலைவியாகிய ஜெபக்கனி என்கிற நான், அடிப்பவளுக்குப் பின்னால் இருந்து பந்து பிடிக்கும் கேட்சர் ரெஜினா, அணியில் எல்லோரிலும் இளையவளும் இப்போதைக்கு எல்லோரையும்விட நன்றாக அடிப்பவளுமான சந்தனமாரி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டிருந்த சுடலையாண்டி அண்ணாச்சி, மாநிலப் போட்டிக்கு ஆள் பொறுக்குவதற்காக வந்திருந்த வேதமாணிக்கம் சார். இசக்கி இன்னும் வரவில்லை. அவளுடைய மட்டை மட்டும் வந்திருந்தது. அணியின் மட்டைகள் எல்லாம் ஒரே கித்தான் பையில் என் வீட்டில்தான் கிடக்கும். ஆட்டத்தன்று நான் சுமந்து வந்து வேலியோரத்துச் சிமெண்டு மேடையில் அவற்றை வரிசையாகக் கிடத்துவேன், கைப்பிடி மைதானத்தைப் பார்க்க, தலை வேலியைப் பார்க்க. யார் எத்தனையாவதாக அடிக்கப் போகிறாள் என்பதை எங்கள் அணியில் வாயால் சொல்வதில்லை. தன் மட்டை எங்கே கிடக்கிறதோ அதுதான் அவளுடைய முறை. அதைப் பார்த்துத்தான் அம்பயருக்குக் கொடுக்க வேண்டிய சீட்டையும் நான் எழுதுவேன். இந்த வழக்கத்தை வைத்தவர் எனக்கு முன் தலைவியாக இருந்த தங்கபாய் அக்கா. வாயால் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், மட்டையிடம் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்பது அவர் கருத்து. தலைவி கிடத்திய மட்டையை வேறொருத்தி தொட்டு நகர்த்தினால் அன்றைக்கு அவள் ஆடக் கூடாது. ஒருமுறை ஒருத்தி விளையாட்டாகக் காலால் நெட்டித் தள்ளினாள் என்பதற்காக, தங்கபாய் அக்கா அவளை வள்ளியூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்துதான் ஆட்டத்தைத் தொடங்கினார். அப்போது எனக்கு அது கொடுமையாகத் தோன்றியது. பிறகு நான் தலைவியான அன்று, முதல் மட்டையைக் கையில் எடுத்தபோது, அது கொடுமையல்ல, கருணை என்று புரிந்தது. ஒன்பது பேருடைய முகத்தையும் பார்த்து ஒன்பது தீர்ப்புகள் சொல்வது என்னால் ஆகாது. எனக்கு முகங்களைப் பார்த்துப் பேச வராது. நாற்பது மாணவிகளுக்கு முன்னால் நின்று பேச வரும், ஒருத்திக்கு முன்னால் நின்று பேச வராது.

முதல் மட்டைக்கும் இரண்டாவது மட்டைக்கும் யோசனை தேவைப்படவில்லை. ஓடத் தெரிந்தவர்கள் முன்னால். மூன்றாவது என்னுடையது, அதை வைத்தேன். நான்காவதற்காகக் கை பைக்குள் போயிற்று, விரல்கள் பார்க்காமலே அதைக் கண்டுகொண்டன. மற்றவை எல்லாம் அலுமினியம். இது ஒன்றுதான் மரம். கைப்பிடியில் கறுப்பு நாடா சுற்றி, வியர்வை ஊறி ஊறி நாடா அவளுடைய விரல்களின் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளங்களில் என் விரல்கள் பொருந்தவில்லை. அவளுக்கு என்னைவிட நீண்ட விரல்கள். வெளியே எடுத்தேன், ஆனால் வைக்கவில்லை. மேற்கேயிருந்து ஆனிக் காற்று, பொதிகையில் எங்கோ பெய்கிற சாரலின் ஈரத்தோடு, மைதானத்துச் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்தது. "கோடு நிக்க மாட்டுக்கு டீச்சர்" என்று சுடலையாண்டி அண்ணாச்சி தொலைவிலிருந்து சத்தம் கொடுத்தார். "போட்டுட்டுத் திரும்புததுக்குள்ள தூக்கிட்டுப் போயிருது." போடுங்கள் அண்ணாச்சி, போட்டுக்கொண்டே இருங்கள் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா தெரியவில்லை. மட்டை கையில் இருந்தது. நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். மட்டையில் ஒரு சாண்கூட அகலம் இல்லாத ஓர் இடம் உண்டு. பந்து அங்கே பட்டால் மட்டை அதிர்வதில்லை, கைக்கு ஒன்றும் தெரிவதில்லை, பந்து போய்விட்டது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். இதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிவிடலாம். அந்த ஓசையை விளக்க முடியாது. அலுமினியத்தில் பட்டால் பாத்திரக்கடை ஓசை. இசக்கியின் மரத்தில் பட்டால், கனமான தேக்குக் கதவு தன் சட்டத்தில் சரியாகப் பொருந்தி அடைபடுகிற ஓசை. என் அம்மா வீட்டில் அப்படியொரு கதவு இருந்தது. ஐப்பசி மழையில் உப்பிக்கொண்டு, யார் தள்ளினாலும் அடைபடாமல் ஒரு விரற்கடை விலகி நிற்கும், தை பிறந்த பிறகு ஒருநாள் தானாகவே பொருந்திக்கொள்ளும். இசக்கிக்கு இந்தப் பொருந்தாமை மாசியில் தொடங்கியது. பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, ஆனியும் பாதி ஆகிவிட்டது. பந்து மட்டையின் நுனியில் படுகிறது, அடியில் படுகிறது, பல நேரம் படுவதேயில்லை. பள்ளியில் வேலை செய்யும் தச்சர் பலகையைக் கீழே போடும்போதெல்லாம், அந்த ஓசையோ என்று பாடத்தை நிறுத்திவிட்டு நான் சன்னலைப் பார்க்கிறேன். மாணவிகளும் திரும்பிப் பார்க்கிறார்கள். அங்கே தச்சர் இருக்கிறார், பலகை இருக்கிறது, வேறொன்றும் இல்லை. நான் மீண்டும் அதிர்வெண்ணுக்குத் திரும்புகிறேன்.

இந்த ஆட்டத்தில் ஒருத்தி எவ்வளவுதான் கெட்டிக்காரியாக இருந்தாலும் பெரும்பாலும் தானாகத் திரும்பி வந்துவிட முடியாது. அடித்துவிட்டு ஓடி, மூலைக்கொன்றாக இருக்கும் தளங்களில் முதல் தளத்திலோ இரண்டாம் தளத்திலோ நிற்க வேண்டும். பின்னால் வருகிறவள் அடித்தால்தான் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரலாம், அப்போதுதான் அது ஓட்டம் என்று கணக்காகும். எனவேதான் நான்காவது இடத்தில் அணியிலேயே பலசாலியை நிறுத்துவது, முன்னால் போய் நிற்பவர்களை எல்லாம் ஒரே அடியில் கொண்டுவந்து சேர்ப்பதற்காக. பதினோரு ஆண்டுகளாக நான் மூன்றாவது, இசக்கி நான்காவது. பதினோரு ஆண்டுகளாக நான் போய் நிற்பேன், அவள் கொண்டுவந்து சேர்ப்பாள். மாசிக்குப் பிறகு எதிரணியினர் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். பந்தை எறிகிற பிட்சர் நான்கு பந்துகளை எட்டாத தூரத்தில் போட்டால், அடிக்க நிற்பவள் அடிக்காமலே முதல் தளத்துக்குப் போய்விட வேண்டும். அபாயமானவளை வழியிலிருந்து விலக்கும் முறை அது. என்னை விலக்குகிறார்கள். என் மேல் உள்ள பயத்தால் விலக்குகிறார்கள் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக் கை தட்டுகிறார்கள். எனக்குப் பின்னால் நிற்பவள் மேல் பயம் இல்லாமல் போனதால் விலக்குகிறார்கள். நான் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, ஒன்றும் செய்யாமல், ஒரு விருந்தாளியைப் போல முதல் தளத்துக்கு நடந்து போகிறேன். பிட்சர் கையைத் தேய்த்துக்கொண்டு இசக்கிக்காகக் காத்திருக்கிறாள். ஓர் ஊரே பார்த்திருக்க, "எங்களுக்கு நீதான் வேண்டும், உன்னிடம்தான் எங்களுக்கு வசதி" என்று ஒருத்தியிடம் சொல்வதற்கு இதைவிட மரியாதையான முறை இருக்க முடியாது. போன ஆட்டத்தில் அவள் மூன்று முறை அப்படி வந்து நின்றாள். மூன்று முறையும் நான் முதல் தளத்தில் நின்று பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"கனியக்கா, எட்டுல போடுங்க" என்றாள் ரெஜினா. அவள் காலில் தடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. "எட்டுல போட்டா யாருக்கும் நோவாது." சந்தனமாரி மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "எட்டுன்னா என்னக்கா, கடைசிப் பந்திதான? கடைசிப் பந்தில உக்காந்தாலும் சோறு உண்டும்லா. அப்பளம்தான் நமுத்திருக்கும்." ரெஜினா பட்டையை இறுக்கினாள். "ஏட்டி, நீ வாய மூடு. நாலு உனக்கு வரும்னு நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்கே." "எனக்கு என்னத்துக்கு நாலு? நாலுல நின்னா எல்லாரும் என் மூஞ்சியவே பாப்பாவ. மூஞ்சில பரு வேற." எனக்குச் சிரிப்பு வந்தது, வந்ததை உள்ளேயே வைத்துக்கொண்டேன். இந்தப் பெண்ணுக்குப் பயம் என்றால் என்னவென்று இன்னும் தெரியாது, அதுதான் அவளுடைய பலம். இசக்கியும் ஒரு காலத்தில் இப்படித்தான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இல்லை, இசக்கி இப்படி உட்கார்ந்ததில்லை. இசக்கி நிற்பாள். எப்போதும் எல்லோருக்கும் முன்பே வந்து, வேலிக் கம்பியில் ஒரு கையைக் கோத்துக்கொண்டு நிற்பாள். இன்றைக்கு இவ்வளவு நேரமாகியும் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. ஹைகிரவுண்டு பக்கமிருந்து ஒரு பஸ் திரும்புகிற ஓசை கேட்டது, நின்றது, மறுபடி புறப்பட்டது. யாரும் வரவில்லை. வராமலே போய்விட்டால்? என்னிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்ற கட்டாயம் அவளுக்கு என்ன இருக்கிறது? பஸ் பணிமனையில் எழுத்தர் வேலை, வீட்டில் கணவர், மாமியார், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் கிடைக்கும் ஓய்வு. அடிக்க வராத ஆட்டத்துக்கு ஒருத்தி எதற்காக வர வேண்டும்? வராவிட்டால் முடிவெடுக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. இந்த நினைப்பு வந்தவுடன் அதைத் துப்பிவிட வேண்டும் போல இருந்தது, எட்டிக்காய் கடித்தது போல.

வேதமாணிக்கம் சார் குடையை ஊன்றிக்கொண்டு மேடைப் பக்கம் வந்தார். மழை வராது என்று எல்லோரும் சொல்லும் நாளில்தான் அவர் குடை கொண்டுவருவார். "டீச்சர், நான் ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதிய. அந்தப் பிள்ள நல்ல பிள்ளதான். யாரு இல்லைன்னா? ஆனா நல்ல பிள்ளையாப் பாத்துக் கூட்டிட்டுப் போக, நான் என்ன கல்யாணத்துக்கா ஆள் சேக்கேன்?" அவர் குடையின் நுனியால் மண்ணில் ஒரு கோடு இழுத்தார். "இன்னைக்கு ஒரு அடி. முழுசா ஒரே ஒரு அடி பட்டாலும் போதும், பேர எழுதிருவேன். இல்லைன்னா அந்த இடம் சந்தனமாரிக்குத்தான். எனக்கும் மேல ஆள் இருக்குல்லா, பதில் சொல்லணும்." அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. இன்று அடிக்காவிட்டால் மாநிலப் போட்டிக்குப் போகும் அணியில் இசக்கி இல்லை. முப்பத்தைந்தை நெருங்குகிறவளை ஒருமுறை வெளியே விட்டால் மீண்டும் யாரும் உள்ளே அழைக்க மாட்டார்கள். அவர் விலகி நடந்து போனார், நான் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான்காவதில் போட்டால் என்னை விலக்கிவிட்டு அவளை மடக்குவார்கள். எட்டாவதில் போட்டால் மடக்க மாட்டார்கள், ஆனால் வரிசை சுற்றி அவளிடம் வருவதற்குள் ஆட்டம் பாதி போய்விடும். அந்த ஒரு அடிக்கு வாய்ப்பே குறையும். அதுவும் போகட்டும். எட்டாவதாகத் தன் மட்டை கிடப்பதைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகாது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. வேலிக் கம்பியில் கோத்திருக்கும் கையைத் தளர்த்திவிட்டு, எட்டாவது இடத்தில் நிற்பாள், ஆட்டம் முடிந்ததும் பஸ் ஏறிப் போவாள், அதன் பிறகு அவளை நான் பணிமனை வழியாகப் போகும்போது சன்னலுக்குள் ஒரு தலையாகப் பார்க்கலாம்.

எல்லோரும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். அவளுடைய அம்மா கண்ணேறு என்றார், மிளகாய் வற்றலும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார், கமறவில்லை, அதனால் கண்ணேறு உறுதி என்றார். ரெஜினா கண் என்றாள். கண் மருத்துவர் பார்த்துவிட்டு, இந்தக் கண்ணுக்கு எறும்பின் மீசைகூடத் தெரியும் என்று அனுப்பிவிட்டார். கணவர், "வயசாச்சுல்லா, எல்லாருக்கும் உள்ளதுதான" என்றார், அன்போடுதான் சொன்னார். நான் அவள் கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்தேன், முழங்கையின் கோணத்தை அளந்தேன், கைப்பேசியில் படம் பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். மாசிக்கு முன்பு எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். அதே கால், அதே தோள், அதே வீச்சு, ஒன்றில் பந்து போகிறது, மற்றதில் போகவில்லை. காரணமில்லாத விளைவு என் பாடத்தில் கிடையாது. அதை ஒப்புக்கொண்டால் நான் நாளைக்கு வகுப்புக்குள் போக முடியாது. ஆனாலும் இரண்டு படங்களையும் மறுபடி மறுபடி பார்த்தேன், பிறகு காரணத்தைத் தேடுவதை மறந்துவிட்டு முதல் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தூத்துக்குடியில் எடுத்தது. மைதானத்துக்கு அப்பால் உப்பளங்கள், குவித்து வைத்த உப்பின் மேல் சாயங்கால வெயில், காற்றை நக்கிப் பார்க்கலாம் போல. படத்தில் நான் இல்லை. நான் இரண்டாம் தளத்தில் நின்றேன், படம் எடுத்தவளின் கை அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் படத்தில் இசக்கி பார்க்கிற இடத்தில்தான் நான் நின்றேன். அடிக்க நின்றதும் மட்டையின் தலையால் இடது ஷூவின் நுனியை இரண்டு தரம் தட்டுவாள். பிறகு பிட்சரின் தலைக்கு மேலாக என்னை ஒருமுறை பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு ஒரு பொருளும் இல்லை. புறப்படத் தயாராக இரு என்பதுதான் அதன் பொருள், வேறென்ன இருக்கப் போகிறது? பதினோரு ஆண்டுகள் அதைப் பார்த்தவள் நான், வேறு பொருள் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். ஓசை கேட்கும், நான் ஓடுவேன். பந்து எங்கே போயிற்று என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ஒருமுறை மட்டும் மூன்றாம் தளத்தருகே என்னை அறியாமல் நின்றுவிட்டேன், பந்தைப் பார்ப்பதற்காக அல்ல, அவள் ஓடி வருவதைப் பார்ப்பதற்காக. "ஓடுட்டி கனி, நின்னு என்னத்தப் பாக்க!" என்று கத்திக்கொண்டே வந்தாள், தொப்பி பறந்துபோய், பின்னல் அவிழ்ந்து. ஆட்டம் முடிந்து பஸ் நிலையத்தில் ஒரு கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம் வாங்கி, எப்போதும் போலப் பாதியை என் கையில் வைத்தாள். என்னை ஏட்டி என்று கூப்பிடுகிறவர்கள் இப்போது உலகத்தில் வேறு யாரும் இல்லை. அம்மா கூப்பிட்டார், போய்விட்டார். பள்ளியில் நான் மேடம், தெருவில் டீச்சர், அணியில் அக்கா. மாசிக்குப் பிறகு இசக்கி என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆட்டம் முடிந்தால் நேரே போய்விடுகிறாள். மிட்டாய்க்காக ஏங்குகிற வயது எனக்கு இல்லை. கடைக்குப் போய் நானே ஒரு பொட்டலம் வாங்கினேன், முழுப் பொட்டலம். அலமாரியில் இருக்கிறது, இளகிப்போயிருக்கும்.

மட்டை கையிலேயே இருந்ததால் உள்ளங்கை வியர்த்திருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்ளலாம் என்று, சேலை உடுத்தியிருக்கவில்லை என்பதும் நினைவில்லாமல், இடுப்பைத் தடவினேன். மட்டையை வைத்த இடத்தைப் பார்த்தேன். என் மட்டைக்கு இந்தப் பக்கத்தில் வைத்திருந்தேன், இரண்டாவதற்கும் என்னுடையதற்கும் நடுவே. கை தன்பாட்டுக்கு வைத்தது. அப்போதுதான் அது தோன்றியது. அவளை மூன்றாவதாகப் போட்டு, நான் நான்காவதாகப் போனால்? அவளை விலக்கினால் அடுத்தது நான் வருவேன். அவளைத் தளத்தில் நிறுத்திவிட்டு என்னிடம் வர எந்தப் பிட்சரும் விரும்ப மாட்டாள். எனவே அவளுக்கு அடிக்கக்கூடிய பந்துகளைத்தான் போட்டாக வேண்டும், ஓரத்தில் ஏமாற்றுப் பந்துகளைப் போட்டுத் தடுமாற வைக்க முடியாது. நல்ல பந்து வந்தால் ஒன்றாவது மாட்டும். ஒன்று மாட்டினால் போதும், சாருடைய பேனா திறக்கும். அவளை யாரும் மடக்கிப் பிடித்தது போல இருக்காது. கீழே இறக்கியது போலவும் இருக்காது, ஓர் இடம் மேலேதான் ஏற்றியிருக்கிறேன். சந்தனமாரி ஐந்தாவது, அவளுக்கும் குறையில்லை. கணக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் சரியாக வந்தது. கரும்பலகையில் போட்டு அடிக்கோடு இடலாம். மற்ற மட்டைகளை விறுவிறுவென்று வைத்து முடித்தேன். முடித்துவிட்டு எட்டி நின்று பார்த்தபோது ஏதோ ஒன்று செருப்புக்குள் கல் போல உறுத்தியது. கணக்கைத் திரும்பப் போட்டேன், சரியாகத்தான் இருந்தது. பிட்சர், பந்து, சார், இடம், எல்லாம் சரி. பிறகு, இனிமேல் நான் போய் நிற்க மாட்டேன் என்பது நினைவுக்கு வந்தது. அவள் எனக்கு முன்னால் அடித்துவிட்டுப் போவாள், அடித்தாலும் அடிக்காவிட்டாலும். நான் அதற்குப் பிறகு போவேன். தளத்தில் நின்றுகொண்டு, பிட்சரின் தலைக்கு மேலே, வராத ஒரு பார்வைக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. அவள் என்னைப் பார்க்காமல் தலை குனிந்து நிற்பதை நான் பார்க்க வேண்டியதில்லை. இது அவளுக்கான ஏற்பாடுதான். அவளுக்கும் ஆன ஏற்பாடு. இதில் எனக்கும் ஒரு வசதி இருக்கிறது என்பதனால் கணக்கு தவறாகிவிடுமா? விடையிலிருந்து மாணவியின் உள்நோக்கத்தைக் கழித்து மதிப்பெண் போடுகிற வழக்கம் எந்தப் பள்ளியிலும் இல்லை. இருந்தாலும், தங்கபாய் அக்கா இந்த வரிசையைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடம் கூடுதலாகப் பார்த்திருப்பார், பிறகு, "ஏம்ளா, உனக்குக் காத்து நிக்க அலுத்துட்டோ?" என்று கேட்டிருப்பார். அலுக்கவில்லை அக்கா. அலுத்திருந்தால் நன்றாக இருக்கும்.

"வந்துட்டா" என்றாள் சந்தனமாரி, காலை ஆட்டுவதை நிறுத்தி. மைதானத்தின் வாசலில் இசக்கி வந்துகொண்டிருந்தாள், அவசரமில்லாமல், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. தலை குளித்திருந்தாள். நெற்றியில் திருநீறு. நான் மேடையை விட்டு ஓரடி விலகி நின்றேன். "வாட்டி, இவ்வளவு நேரமா? பஸ்ஸு ஆபீஸ்ல வேலை பாத்துக்கிட்டு பஸ்ஸு கிடைக்கலன்னு சொல்லாத" என்றாள் ரெஜினா. இசக்கி சிரித்த மாதிரி தலையை அசைத்தாள். யாருடைய முகத்தையும் பார்க்காமல் நேரே மேடைக்கு வந்து, எல்லோரும் செய்வது போல, வரிசையைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். முதலாவது. இரண்டாவது. அடுத்து மரம். நின்றாள். அதற்கு அடுத்ததாகக் கிடந்த என் மட்டையைப் பார்த்தாள். இந்த ஆட்டம் தெரிந்த யாருக்கும் அதைப் படிக்க ஒரு மூச்சு நேரம் போதும். அவளுக்கு அதுகூட ஆகவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மாசிக்குப் பிறகு முதன்முறையாகப் பார்த்தாள். நான் கணக்கை அவளுக்கு விளக்கிவிட வேண்டும் என்று நினைத்தேன், பிட்சர் என்ன செய்வாள், எந்தப் பந்து வரும், எப்படி ஒன்றாவது மாட்டும். ஆனால் மட்டையிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை என்றால், தலைவியும் பதில் சொல்வதில்லை. அவள் கேட்கவுமில்லை. குனிந்தாள். தன் மட்டையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் மட்டையை இரண்டு கையாலும் தூக்கி, தூங்குகிற பிள்ளையைத் தொட்டில் மாற்றுவது போல, மூன்றாவது இடத்தில் வைத்தாள். பிறகு தன்னுடையதை நான்காவது இடத்தில் வைத்து, கைப்பிடி மைதானத்தைப் பார்க்கும்படி நேராக்கினாள்.

"ஏ இசக்கி!" என்றாள் ரெஜினா. சந்தனமாரி மேடையிலிருந்து இறங்கி நின்றாள். அணியில் சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்லப்படுவது அந்த வள்ளியூர் பஸ் கதைதான். இசக்கி அந்தக் கதையைக் கேட்டவள் அல்ல, பார்த்தவள். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு இதே வேலியோரம் நின்று பார்த்தோம். தொட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் தொட்டாள். உன்னை விலக்கட்டும், விலக்கிவிட்டு என்னிடமே வரட்டும், நீ போய் நில் என்கிறாள். பயமில்லாமல் சொல்கிறாளா, வேறு வழியில்லாமல் சொல்கிறாளா, அதை அவள் முதுகிலிருந்து என்னால் படிக்க முடியவில்லை, அவள் ஏற்கெனவே திரும்பிவிட்டிருந்தாள். வேதமாணிக்கம் சாரின் குடை மேடையருகே வந்து ஊன்றியது. "டீச்சர், அந்தப் பிள்ள மட்டையத் தொட்டாப்ல இருந்துச்சே. உங்க அணில அதுக்கு ஒரு சட்டம் உண்டும்லா?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வகுப்பறையில் பொய் சொன்ன மாணவியை நான் ஒருநாளும் மன்னித்ததில்லை, காரணம் எதுவானாலும் சரி. "காத்து சார்" என்றேன். "என்னது?" "காத்து பலமா அடிக்குல்லா. உருண்டுட்டு." சார் மட்டைகளைப் பார்த்தார், ஒன்றையொன்று தாண்டி உருண்டு இடம் மாறிக்கொண்ட இரண்டு மட்டைகளையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுடலையாண்டி அண்ணாச்சி காலிச் சுண்ணாம்பு வாளியோடு வேலிப் பக்கம் வந்து நின்றார். "ஆமா சார், பேய்க் காத்துல்லா! என் கோட்டையே காணும்." நான் பேனாவை எடுத்து அம்பயருக்குக் கொடுக்க வேண்டிய சீட்டில் மூன்றாவதாக என் பெயரையும் நான்காவதாக இசக்கியம்மாள் என்றும் எழுதினேன். எழுத்து எப்போதும் போலத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது இசக்கி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, வேலியின் திறப்பு வழியாக, கோடு இருந்த இடத்தைத் தாண்டி, மைதானத்துக்குள் நடந்து போனாள்.